அக்காவைக் கழித்து வைத்த குமிழ்

அந்தப் பழைய வீட்டின் கேட் முன்னால் கார் வந்து நின்றபோது இன்னும் சாயங்காலம்கூட ஆகவில்லை. ஆனாலும் முகப்பு விளக்கைப் போட வேண்டியிருந்தது. பனிமூட்டம் இறங்கி மரங்களை இடுப்புவரைக்கும் விழுங்கியிருந்தது.

காரை ஓட்டி வந்தவள் பாப்பா. முப்பது வயதாகிறது, சொந்தமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள், எழுத்தைப் படிக்கத் தயங்குகிறவர்களை ஒரே அதட்டலில் படிக்க வைத்துவிடுவாள். ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். பக்கத்து இருக்கையில், கம்பளியில் சுற்றிய ஒரு நீளமான பொருளைக் குழந்தையை வைத்திருப்பதுபோல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவளுடைய சித்தி. எல்லோருக்கும் அவள் சின்னவள்.

சின்னவள் என்று ஒருத்தி இருந்தால் பெரியவள் என்று ஒருத்தி இருந்திருக்க வேண்டும் அல்லவா? இருந்தாள். பாப்பாவைப் பெற்றவள். அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. யாருடைய கை என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிடியுங்கள், அவ்வளவுதான்.

அக்காவும் தங்கையும் ஒரு காலத்தில் சேர்ந்து தேடும் வேலை செய்தார்கள். புல்லில் மோதிரத்தைத் தொலைத்தவர்கள், மணலில் சாவியை விட்டவர்கள், மனையின் மூலையில் புதைத்த எல்லைக் கம்பி எங்கே போனது என்று தெரியாமல் முழிக்கிற சர்வேயர்கள், எல்லோரும் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். சின்னவள் மெட்டல் டிடெக்டரைப் பிடித்துக்கொண்டு காதில் ஹெட்போன் மாட்டி நடப்பாள். மெஷின் கத்துகிற இடத்தில் பெரியவள் மண்டியிட்டுத் தோண்டுவாள்.

ஒரே ஒரு தொல்லை. பெரியவள் ஒருமுறை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டதில், முழங்காலுக்குக் கீழே எலும்போடு ஸ்டீல் தகடு வைத்துத் திருகாணி போட்டிருந்தார்கள். அவள் பக்கத்தில் வந்தாலே மெஷின் ஊரைக் கூட்டும். அதற்குச் சின்னவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வேலை ஆரம்பிக்கும் முன் அக்காவைத் தன் இடது பக்கம், ஒரு கை தூரத்தில் நிற்க வைப்பாள். மெஷின் அலற அலற ஒரு குமிழை மெதுவாகத் திருப்புவாள். சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கிவிடும். அதற்கப்புறம் அக்கா அதே தூரத்தில் கூடவே நடந்தால் மெஷினுக்கு அவள் இருப்பதே தெரியாது.

"என்னைக் கழிச்சாச்சாடி?" என்பாள் பெரியவள்.

"கழிச்சாச்சு. இனி நீ கணக்குலயே இல்ல, நட."

விவரம் தெரிந்தவர்கள் யாரும் மெஷினை அப்படிச் சரிசெய்ய மாட்டார்கள். வெறும் தரையில்தான் சரிசெய்ய வேண்டும். இப்படிச் செய்தால் பக்கத்தில் அக்கா இருக்கும்வரைதான் மெஷின் ஒழுங்காக வேலை செய்யும். அவள் தண்ணீர் குடிக்கப் போனால்கூட அது ஓயாமல் முனக ஆரம்பித்துவிடும். "அக்கா, எங்க போய்த் தொலைஞ்ச? மெஷின் அழுவுது பாரு," என்று சின்னவள் கத்துவாள். குமிழ் கைபட்டு நகராமல் இருக்கப் பெரியவள் அதன்மேல் மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டியிருந்தாள்.

பாப்பாவுக்கு எட்டு வயதானபோது ஒருநாள் பெரியவள் தோளில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஏறினதைப் பார்த்தவர்கள் உண்டு. இறங்கினதைப் பார்த்தவர் யாரும் இல்லை. புருஷனோடு தினமும் சண்டை, "ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் போயிடுவேன் பாரு" என்று அவள் வாயாலேயே பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். அதனால் யாரும் ரொம்பத் தேடவில்லை. ஓடிப்போனவள் என்று பேசி முடித்துவிட்டார்கள். சின்னவள்தான் பாப்பாவை வளர்த்தாள். பாப்பா அதற்கப்புறம் அம்மா என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. பேச வேண்டி வந்தால் "அவங்க" என்பாள்.

மெஷின் பரணுக்குப் போனது. சின்னவள் வேலையை விடவில்லை, வேறு மெஷின் வாங்கினாள். திரை வைத்தது. அது இன்ன உலோகம், இத்தனை ஆழம், தோண்டு, தோண்டாதே என்று எல்லாம் எழுதிக் காட்டும். அதோடு நடப்பது மேஸ்திரியோடு நடப்பதுபோல் இருக்கும்.

கார் அந்த வீட்டுக்கு வந்த அன்று காலையில் அந்தத் திரை இருண்டுவிட்டது. சர்வேயருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. வேறு வழியில்லாமல் சின்னவள் பரணில் ஏறினாள்.

"அந்தக் கிழட்டு மெஷினையா எடுக்கிற?" என்று கீழே ஏணியைப் பிடித்திருந்த அவள் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் வெல்டர். "அது எதைப் பார்த்தாலும் கத்துமே. என் பட்டறைப் பக்கம் கொண்டு வந்துடாதே, தெருவே கூடிடும்."

"நீங்க மட்டும் என்ன, அமைதியா?"

புது பேட்டரி போட்டு, பஞ்சு உதிர்ந்த ஹெட்போனை மாட்டிக் கொல்லைப்புறத்தில் நின்று அவள் மெஷினைப் போட்டாள். உடனே ஒரு முனகல். நிற்கவே இல்லை.

"குமிழைத் திருப்பிப் பாரேன்," என்றார் வெல்டர்.

பிளாஸ்திரி பழுத்துக் குமிழோடு தோலாகிவிட்டிருந்தது. அதன் ஓரத்தில் நகத்தை வைத்தாள். அக்கா விரலால் அழுத்தி ஒட்டியது. உரிக்க மனசு வரவில்லை. "இருக்கட்டும். முனகட்டும். வயசாச்சுல்ல," என்று சொல்லிவிட்டு அப்படியே நடந்தாள்.

நடக்க நடக்கக் கைக்குப் பழைய வீச்சு திரும்பிவந்தது. குழாய்க்கு மேலே முனகல் தடித்தது. செடிக்கு அடியில் அது கீச்சென்று மேலே ஏறியது. தோண்டினால் எப்போதோ காணாமல் போன ஸ்பூன். இந்த மெஷின் இன்னது என்று சொல்லாது. ஏதோ இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். மிச்சத்தை நம் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஆணியையும் ஒரு ஸ்பூனையும் ஒரு சோடா மூடியையும் மண்ணிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு அவள் சிறுபிள்ளைபோல் சிரித்தாள். இத்தனை வருஷம் இதையா பரணில் போட்டு வைத்தோம் என்று நினைத்தாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் இந்த வீட்டுக்கு வரத் துணிந்தாள். ஏனென்றால் அக்காவும் அவளும் கடைசியாகச் சேர்ந்து வேலை பார்த்தது இங்கேதான். அதைப் பாப்பாவிடம் அவள் சொல்லவில்லை.

ஒரு காலத்தில் நோயிலிருந்து தேறுகிறவர்கள் தங்கியிருந்த வீடு அது. வரிசையாக ஒரே அளவு ஜன்னல்கள், பாதிக்குக் கண்ணாடி இல்லை. உள்ளேயிருந்து ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. முன்சுவர் பக்கம் இரண்டு ஆட்களோடு டேப் பிடித்துக்கொண்டிருந்த சர்வேயர் ஓடி வந்தார்.

"மத்த மூலைக் கம்பியெல்லாம் கிடைச்சிடுச்சு மேடம். ஒண்ணே ஒண்ணுதான் ஆட்டம் காட்டுது. பின்னாடி, துவைக்கிற கொட்டகைப் பக்கம் இருக்கணும்."

சின்னவளுக்குத் தெரியும். அக்காவோடு வந்த அன்றைக்கும் அந்த மூலைதான் கிடைக்கவில்லை. மழை பிடித்துவிட்டது. கொட்டகைக்குப் பின்னால் மெஷின் ஒருதரம் கத்தியது, பெரியவள் அங்கே ஒரு குச்சியை நட்டாள். "பழைய பைப்பா இருக்கும், வாக்கா, நனையாதே," என்று இவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். பெரியவள் வழியெல்லாம் முணுமுணுத்தாள். அடுத்த நாள்தான் அவள் பஸ் ஏறினது.

"நீ கார்லயே இரு பாப்பா. குளிருது," என்றாள் சின்னவள்.

"இங்க போன்ல சிக்னலே இல்ல. அந்தப் படியில உட்கார்ந்திருக்கேன். சீக்கிரம் வா சித்தி."

சின்னவள் வீட்டின் பக்கவாட்டில் இறங்கினாள். பத்தடி போனதும் பனி பின்னால் மூடிக்கொண்டது. சர்வேயரின் குரல் பஞ்சுக்குள் போனதுபோல் மங்கியது. காதில் முனகல் மட்டும். கட்டில் சக்கரம் ஒன்று கிடைத்தது. துருப்பிடித்த கத்தரிக்கோல் ஒன்று. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு இடம், குளிர் எல்லாம் மறந்துபோயிற்று. இடமும் வலமும் மெஷினை வீசிக்கொண்டு, எந்த முனகல் எதற்கு என்று காதால் பிரித்துக்கொண்டு நடந்தாள்.

முனகல் நின்றது.

பேட்டரி என்று நினைத்தாள். சின்ன பல்ப் எரிந்துகொண்டுதான் இருந்தது. வலது பக்கம் ஓரடி நகர்ந்தாள். முனகல் வந்தது. பழைய இடத்துக்கே வந்தாள். நின்றது. சரி, தரையில் ஏதோ இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு நேராக நடந்தாள்.

முனகல் வரவில்லை.

இன்னும் நடந்தாள். ஹெட்போனில் அவ்வளவு சுத்தமான அமைதி. அவளுடைய மூச்சு அவளுக்கே கேட்டது. சட்டென்று வலப்பக்கம் இரண்டு எட்டு ஒதுங்கினாள். மெஷின் முனகியது. ஒரு கணம்தான். பிறகு, யாரோ இரண்டு எட்டு வைத்துக் கூட வந்துவிட்டதுபோல், தேய்ந்து தேய்ந்து அடங்கியது.

சின்னவளின் விரல் குமிழைத் தேடியது. பிளாஸ்திரி தட்டுப்பட்டது.

அந்தக் குமிழ் இத்தனை வருஷமும் ஒருத்தியைக் கழித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. கழிப்பதற்கு அவள் பக்கத்தில் இல்லாததால்தான் முனகல். இடது பக்கம், ஒரு கை தூரத்தில், அவள் வந்து நின்றால்தான் கணக்கு சரியாகும்.

இப்போது கணக்கு சரியாக இருந்தது.

சின்னவள் இடது பக்கம் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. அந்தப் பக்கத்துக் கன்னம் மட்டும் ஜில்லென்று ஆனது. ஈர மண் வாசனை, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் வருமே, அந்த வாசனை.

"அக்கா?"

 புல் மட்டும் நசுங்கியது. ஒரு அடி அழுத்தமாக, அடுத்த அடி இழுத்து.

பிறகு முனகல் திரும்ப வந்தது. விலகிப் போய்விட்டது அது. எந்தப் பக்கம் என்று அவள் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொட்டகைப் பக்கம் காட்டினால் முனகல் கொஞ்சம் குறைந்தது. அவள் பின்னாலேயே போனாள். போகாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கூடப் பிறந்தவள் அல்லவா? கால் போய்விடும்.

கொட்டகையின் சுவர் பனியிலிருந்து கறுப்பாக எழுந்தபோது, அங்கே யாரோ போவது தெரிந்தது.  பிறகுதான் அது பாப்பாவின் ஸ்வெட்டர் என்று புரிந்தது. பாப்பா வீட்டின் மறுபக்கமாகச் சுற்றி வந்து, கொட்டகைக்குப் பின்னால் புல் உயரமாக வளர்ந்த இடத்தை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.

"பாப்பா! இங்க எதுக்கு வந்த?"

பாப்பா நிற்காமல் பதில் சொன்னாள். "நீதானே கையை ஆட்டிக் கூப்பிட்ட?"

அவள் பேசியது சின்னவளைப் பார்த்து இல்லை. எதிரே, புல்லுக்கு நடுவில், ஆளில்லாத இடத்தைப் பார்த்து.

"பாப்பா, நான் இங்க இருக்கேன். உன் பின்னாடி."

பாப்பாவின் தலை திரும்பியது. சித்தியைப் பார்த்தது. மறுபடி முன்னால் பார்த்தது. முகத்தில் இருந்த நிறமெல்லாம் வடிந்தது. ஆனால் தூக்கிய காலை அவள் அதற்குள் வைத்துவிட்டாள்.

மட்கின பலகை முறியும் சத்தம்.

அவள் செருப்பு காலிலிருந்து நழுவி உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்துத் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

சின்னவள் ஓடினாள். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் பாப்பா இல்லை. ஆனால் அவள் போய்ச் சேரும் முன்பே பாப்பா, யாரோ மார்பில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளியதுபோல், பின்னால் மல்லாந்து புல்லில் விழுந்தாள். அவள் நின்ற இடத்தில் தரை இல்லை. சதுரமான ஒரு இருட்டுதான் இருந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அந்த ஓட்டையைப் பார்த்தபடி கிடந்தார்கள். ஹெட்போன் சின்னவளின் கழுத்தில் தொங்கியது. மெஷின் புல்லில் கிடந்தது.

அதிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"சித்தி," பாப்பா கிசுகிசுத்தாள். "யாரு என்னைத் தள்ளினது?"

சர்வேயரின் ஆட்கள் பலகைகளை எடுத்துப் பார்த்தார்கள். துவைப்பதற்குத் தண்ணீர் சேர்த்து வைக்கக் கட்டிய ஆழமான தொட்டி அது. மேலே பலகை போட்டு, பலகைமேல் மண் மூடி, மண்மேல் புல் வளர்ந்து, அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாமல் போயிருந்தது. போலீஸ் வந்தது. விளக்கு வைத்து இறங்கினார்கள். விடிந்த பிறகு ஒரு தார்ப்பாயில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார்கள். எலும்புகளில் ஒன்றோடு திருகாணி போட்ட தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. துருப்பிடிக்காத தகடு. புதிதுபோல் மின்னியது.

கூடவே ஒரு பையும் கிடந்தது. அதே பை. தங்கை வராவிட்டால் என்ன, குச்சி நட்ட இடத்தைத் தானே தோண்டிப் பார்த்துவிடலாம் என்று பெரியவள் தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

பாப்பா அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடையில் பேசுகிற அதட்டல் குரலில் போலீஸ்காரரிடம் கேட்டாள்: "உள்ள துணிமணி இருக்கா?"

"இல்லம்மா. மண் தோண்டுற கரண்டி ஒண்ணு. கையுறை. அவ்வளவுதான்."

"நல்லாப் பாருங்க சார். புடவை, சட்டை, எதுவுமே இல்லையா?"

"எதுவுமே இல்லம்மா."

"அப்ப," என்றாள் பாப்பா. அந்த அதட்டல் பாதியில் உடைந்தது. "அப்ப சாயங்காலம் திரும்பி வரத்தான் போயிருக்காங்க."



செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். தகட்டையும் அவளோடேயே அனுப்பிவைத்தார்கள். அது முடிந்த வாரம் சின்னவள் தன் கொல்லைப்புறத்தில் பயந்து பயந்து மெஷினைப் போட்டாள். முனகியது. இந்த மூலை, அந்த மூலை, எல்லா இடத்திலும் முனகியது. போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெல்டர்கூட அன்றைக்குக் கிண்டல் பண்ணவில்லை.

சில நாள் கழித்துப் பாப்பா வந்து நின்றாள்.

"சித்தி, அந்த மெஷினை எனக்குக் கொடு."

"உனக்கெதுக்குடி?"

"வீட்டுல போட்டு வைக்கறேன். முனகிட்டுக் கிடக்கட்டும்."

"வேணாம் பாப்பா. நல்லதில்ல. அவளை நிம்மதியா விடு."

"நான் ஒண்ணும் கூப்பிடப் போறதில்ல," என்றாள் பாப்பா. "வந்தா எனக்குத் தெரியணும். இத்தனை வருஷம் தெரியாம இருந்தது போதும்."

வெல்டர் பேட்டரி தீராமல் இருக்க ஓர் அடாப்டரைக் கட்டி, சத்தம் வெளியே கேட்க ஒரு சின்ன ஸ்பீக்கரையும் வைத்துக் கொடுத்தார். பாப்பா தனியாக இருந்த வீட்டின் சாப்பாட்டு மேசைமேல் மெஷின் உட்கார்ந்தது. அன்றிலிருந்து போனில் பேசும்போதெல்லாம் அவள் குரலுக்குப் பின்னால் அந்த முனகல் கேட்கும். முதலில் சின்னவளுக்கு உடம்பு கூசியது. பிறகு பழகிவிட்டது. அது கேட்டுக்கொண்டிருக்கும்வரை அந்த வீட்டில் பாப்பா மட்டும்தான் இருக்கிறாள் என்று அர்த்தம். சின்னவள் தூங்கப் போகுமுன் ஏதாவது சாக்கில் போன் போட்டு அதைக் கேட்டுக்கொள்வாள்.

ஒரு சாயங்காலம் பாப்பாவே போன் பண்ணினாள். விளக்கு வைக்கிற நேரம். அன்றைக்குக் கடையில் ஒரு கிழவர் பேத்தியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தனக்குப் பார்வை திரும்பிவிட்டது என்று ஆட்டம் போட்ட கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னவளும் சிரித்தாள். பின்னால் முனகல்.

"அப்புறம் அந்தப் பொண்ணு சொல்லுது சித்தி, தாத்தா, அது கண்ணாடியே இல்ல, ஃபிரேம் மட்டும்தான்னு..."

முனகல் தேய்ந்தது.

தேய்ந்து தேய்ந்து அடங்கியது.

சின்னவள் சிரிப்பை நிறுத்தினாள். போனைக் காதோடு அழுத்தினாள். அந்தப் பக்கம் பாப்பாவும் பேச்சை நிறுத்தியிருந்தாள். மேசையில் டம்ளரை வைக்கிற சத்தம். அப்புறம் தரையில் ஒரு அடி அழுத்தமாக. ஒரு அடி இழுத்து.

நாற்காலி ஒன்று, உட்காருகிறவரின் பாரத்தைத் தாங்கும்போது முனகுமே, அப்படி முனகியது.

"பாப்பா," என்றாள் சின்னவள். "பாப்பா, வெளிய வந்துடு. அன்னிக்குக் கையாட்டிக் கூப்பிட்டதா, தள்ளிக் காப்பாத்தினதா, அது யாருன்னு நமக்கு எப்படித் தெரியும்? பாப்பா!"

பாப்பாவுக்கு அது காதில் விழவில்லை. போனை எங்கேயோ வைத்துவிட்டிருந்தாள். தூரத்தில் அவள் குரல் கேட்டது. கடையில் அதட்டுகிற குரல் இல்லை அது. முப்பது வயதுக் குரலே இல்லை.

"ஏம்மா," என்றது அது, பொய்க்கோபத்தோடு, "இவ்வளவு நேரம்?"